நான் போஸ் குடுக்கலையே அண்ணா

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

சில மாசம் முன்னாடி திருநீர்மலையைப் பத்தி ஒரு எபிசோட் போட்டோம், ஞாபகம் இருக்கும். அதோட கவர் படத்தைப் பாராட்டி நிறைய பேர் எழுதினீங்க. மலைப்படியில ஒரு பையன் ஓடி ஏறுறான். ஒரு கை நழுவுற டிரவுசரைப் பிடிச்சிருக்கு. வாய் நிறைய சிரிப்பு, முன்பல் ரெண்டும் இல்ல. பின்னாடி சாயங்கால வெயில். நான் எடுத்ததுலயே நல்ல போட்டோ அதுதான்னு இப்பவும் நினைக்கிறேன்.

அந்தப் பையன் எங்க தெருதான். படத்தைப் போடறதுக்கு முன்னாடி அவங்க அம்மாகிட்ட கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, நல்லாத்தானே இருக்கு, போட்டுக்கோ"ன்னாங்க. அவங்களே குடும்ப வாட்ஸாப் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணாங்க. அது அங்க இங்க சுத்தி ஸ்கூல் வேன் வரைக்கும் போயிடுச்சு. வேன்ல அவனுக்கு ஒரு பட்டப்பேர் வெச்சுட்டாங்க. அது என்னன்னு இங்க சொல்லப் போறதில்ல, ஏற்கனவே பண்ணது போதும்.

ரெண்டு வாரம் கழிச்சு கடையில பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டான். "என்னடா?"ன்னு கேட்டதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "நான் போஸ் குடுக்கலையே அண்ணா."

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிங்க. தமிழ்ல போட்டோவை "எடுக்கிறோம்", போஸ் "குடுக்கிறோம்". எடுக்கிறவன் ஒருத்தன், குடுக்கிறவன் இன்னொருத்தன். அவன் சொன்னதோட அர்த்தம் இதுதான்: நான் குடுக்கல, நீ எடுத்துட்ட.

எனக்கு அது வரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு. கேண்டிட்னா உண்மை, போஸ்னா நடிப்பு. கேமரா வெச்சிருக்கிற நம்ம எல்லாருக்குமே அந்த நம்பிக்கை இருக்கும்னு நினைக்கிறேன். அது சரியான்னு பார்க்க, குழந்தைகளை போட்டோ எடுத்த வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினேன். இந்த எபிசோட் அதுதான்.

அசையாதே

போஸ் ஆரம்பத்துல அழகுக்காக வந்த விஷயமே கிடையாது. அது ஒரு ஹார்டுவேர் பிரச்சினை.

1839-ல பிரான்ஸ்ல டாகேர் தன்னோட முறையை உலகத்துக்கு அறிவிச்சப்போ, ஒரு படம் பதிய நிமிஷக் கணக்குல ஆச்சு. 1850-கள்ல ஈரக் கண்ணாடித் தகடு முறை வந்தப்புறம் அது விநாடிக் கணக்குக்குக் குறைஞ்சது. ஆனா அஞ்சு விநாடி, பத்து விநாடின்னாலும் ரெண்டு வயசுக் குழந்தைக்கு அது ஒரு யுகம். தலையை ஆட்டினா படத்துல முகமே இருக்காது, புகை மாதிரி ஒரு தடம்தான் இருக்கும்.

அதனால பெரியவங்களுக்கு முதுகுப் பக்கம் ஒரு இரும்புத் தாங்கி நிறுத்தி, அதோட கவ்வியில தலையைப் பிடிச்சு வெச்சாங்க. குழந்தைக்கு வேற வழி. அம்மா நாற்காலியில உட்காருவாங்க, அவங்க மேல ஒரு துணியைப் போர்த்திடுவாங்க, துணிக்கு மேல குழந்தை. பார்க்கிறவங்களுக்குக் குழந்தை ஏதோ மெத்தையில உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். விக்டோரியா காலத்துப் படங்கள்ல இந்த மாதிரி நிறைய கிடைக்குது. உத்துப் பார்த்தா துணிக்கு அடியில இருந்து ஒரு கை குழந்தையோட இடுப்பைப் பிடிச்சிருக்கும். தூங்குற குழந்தையை எடுக்கிறது இன்னும் சுலபம். இறந்துபோன குழந்தைகளையும் எடுத்தாங்க. பல குடும்பத்துக்கு அந்தப் பிள்ளையோட ஒரே படம் அதுதான்.

நம்ம ஊருக்கும் இது சீக்கிரமே வந்துடுச்சு. 1856-லயே மெட்ராஸ்ல ஒரு புகைப்படச் சங்கம் இருந்துச்சு. யார்கிட்ட கேமரா இருந்துச்சுன்னா வெள்ளைக்கார அதிகாரிகள்கிட்ட, ராணுவத்துல இருந்தவங்ககிட்ட, ஒரு சில ஸ்டூடியோக்கள்கிட்ட. யார் படம் எடுத்துக்கிட்டாங்கன்னா காசு இருந்தவங்க. காசில்லாதவங்க படத்துல வந்தாங்கன்னா, அவங்க கேட்டு வரல.

தாது வருஷம்

1876-ல இருந்து 1878 வரைக்கும் தென்னிந்தியாவுல பெரும் பஞ்சம். நம்ம தாத்தா பாட்டிங்க "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. செத்தவங்க எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் மேலன்னு மதிப்பிடுறாங்க. சென்னைக்குள்ள ஓடுற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியை வெட்டினது அந்தப் பஞ்ச நிவாரண வேலையாத்தான். கூலிக்காகப் பட்டினி ஜனங்க வெட்டினது.

அந்தப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர்னு மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி ஒருத்தர் படம் எடுத்தார். இணையத்துல தேடினா கிடைக்கும். ஆனா சாப்பிட்டு முடிச்ச உடனே தேடாதீங்க. ஒரு குடும்பமோ ஒரு கூட்டமோ வரிசையா உட்கார்ந்திருக்கும். விலா எலும்பை எண்ணலாம். மடியில குழந்தை, பக்கத்துல குழந்தை. தலை மட்டும் பெருசா, கை கால் குச்சியா.

இது ஓடிப் போய் சட்டுனு எடுத்த படம் கிடையாது. ஆட்களை அடுக்கி உட்கார வெச்சு, கேமராவைக் காலூன்றி நிறுத்தி எடுத்தது. அதாவது இதுவும் போஸ்தான். ஒரே வித்தியாசம், இதை யாரும் "குடுக்கல". அசையாம இருன்னு சொல்லியிருக்கவே வேண்டாம், அசையத் தெம்பு இருந்திருக்காது.

இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துச் செதுக்கின சித்திரங்கள் லண்டன் பத்திரிகைகள்ல வந்துச்சு. அங்க நிவாரண நிதியும் திரட்டினாங்க. பஞ்சம்னு ஒன்னு நடக்குதுன்னு தூரத்துல இருந்தவங்களை நம்ப வெச்சதுல படத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறுக்கல. ஆனா இவ்வளவு பக்கத்துல நின்னு ஃபோகஸ் பண்ண மனுஷன், அந்தக் குழந்தைக்கு ஒரு வாய் கஞ்சி குடுத்தாராங்கிற கேள்வி இன்னிக்கு வரைக்கும் அவர் மேல இருக்கு. அந்தக் குழந்தைங்க பேர் நமக்குத் தெரியாது. அந்தப் படத்தோட பிரிண்ட் அவங்க வீட்டுக்குப் போகவே இல்ல.

போஸா கேண்டிடாங்கிற என் கேள்வி இங்கயே உடைஞ்சு போச்சு. அதை விட உபயோகமான ஒரு கேள்வி கிடைச்சது: பிரிண்ட் யார் கைக்குப் போச்சு?

ஆனியும் பேரில்லாதவங்களும்

இந்தக் கேள்வியை ஒரே போட்டோகிராஃபரோட ரெண்டு படங்கள்ல வெச்சுப் பார்க்கலாம்.

ஜூலியா மார்கரெட் கேமரன். ஆமா, பேரே கேமரன்தான். 1815-ல கல்கத்தாவுல பிறந்தவங்க. 48 வயசுல, இங்கிலாந்துல இருக்கும்போது, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசா குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவங்களை யாராலயும் நிறுத்த முடியல. அக்கம்பக்கத்துக் குழந்தைங்களைப் பிடிச்சு, இறக்கை கட்டி, தேவதையா உட்கார வெச்சு எடுத்தாங்க.

அவங்க தன்னோட "முதல் வெற்றி"ன்னு எழுதி வெச்சது ஒரு சின்னப் பொண்ணு படம். பேர் ஆனி ஃபில்பாட். 1864 ஜனவரி 29, மதியம் 1 மணிக்கு எடுத்தாங்க. அன்னிக்கே பிரிண்ட் போட்டு, ஃபிரேம் பண்ணி, ராத்திரி 8 மணிக்குள்ள அந்தப் பொண்ணோட அப்பா கையில குடுத்துட்டாங்க. ஏழு மணி நேரம். இப்ப நம்ம ஊர் கல்யாண ஆல்பம் வர எத்தனை மாசம் ஆகுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

1875-ல கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு அங்க காப்பித் தோட்டம் இருந்துச்சு. அந்தக் காலத்துல இலங்கை மலைநாட்டுத் தோட்டங்கள்ல வேலை செஞ்சவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுல இருந்து, இதே பஞ்சங்களுக்குத் தப்பிக் கடல் தாண்டிப் போன நம்ம ஜனங்க. அங்கயும் கேமரன் படம் எடுத்தாங்க. வேலையாட்கள், பெண்கள், இளசுங்க. ரொம்பக் கொஞ்சப் படங்கள்தான் மிச்சம் இருக்கு. அழகான படங்கள்தான், அதே கைதான், அதே வெளிச்சம்தான்.

ஆனா தலைப்பைப் பாருங்க. "இளம் பெண், சிலோன்", "தோட்டத் தொழிலாளர்கள்". பெரும்பாலும் பேரே இல்ல. ஆனிக்குப் பேர் இருக்கு, தேதி இருக்கு, மணி கூட இருக்கு. கேமரன் 1879-ல அங்கயே இறந்துட்டாங்க. பொகவந்தலாவையில ஒரு தேவாலயத்துல அவங்க கல்லறை இருக்கு, இன்னிக்கும் சுத்தி தேயிலையும் தமிழும். அவங்க முன்னாடி நின்ன தமிழ்ப் பொண்ணோட பேத்தியோட பேத்தி இப்ப அதே மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு இருக்கலாம். லண்டன் மியூசியத்துல இருக்கிறது தன்னோட பாட்டி முகம்னு அவங்களுக்குத் தெரிய எந்த வழியும் இல்ல.

இன்னொரு கதை தமிழ்நாட்டுக்குள்ளயே. திருநெல்வேலிச் சீமையில டோனாவூர். அங்க ஏமி கார்மைக்கேல்னு ஒரு மிஷனரி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண் குழந்தைகளைக் கொண்டுவந்து வளர்த்தாங்க. அந்தக் குழந்தைங்களைப் பத்தி 1909-ல "லோட்டஸ் பட்ஸ்", அதாவது தாமரை மொட்டுகள்னு ஒரு புத்தகம் லண்டன்ல வந்துச்சு. அதுல பக்கத்துக்குப் பக்கம் குழந்தைங்க போட்டோ. எடுத்தவர் ஊட்டியில ரொம்ப வருஷமா ஸ்டூடியோ வெச்சிருந்த பென்.

இதை ஹூப்பர் கணக்குல சேர்க்க முடியாது. அந்தக் குழந்தைங்களுக்குச் சோறு போட்டு வளர்த்த இடத்துல எடுத்த படங்கள் இவை. ஆனாலும் அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்தது இங்கிலீஷ் படிக்கிற தூரதேசத்து வாசகர்கள்கிட்ட. அவங்க மனசு இளகணும்னுதான் அந்தப் படங்கள். நல்ல காரியத்துக்குத்தான், ஒத்துக்கிறேன். இருந்தாலும் குழந்தையோட முகம் இங்க ஒரு வேலை செய்யுது, அந்த வேலையை அந்தக் குழந்தை எடுத்துக்கிட்டு செய்யல. இன்னிக்கு நன்கொடை கேட்டு வர்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் புத்தகம் ஞாபகம் வருது.

கண்ணாடிக்கு முன்னாடி அம்மா

இப்போ பிரிண்ட் வீட்டுக்கே வந்த கதைக்கு வருவோம்.

எங்க பாட்டிக்கு சின்ன வயசுப் படம் ஒன்னு கூட இல்ல. "குழந்தையைப் போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்"னு நம்பின காலம். எங்க அம்மாவுக்கு ஒன்னே ஒன்னு இருக்கு. ஒன்பது வயசு. தாம்பரத்துல ஒரு ஸ்டூடியோ. பட்டுப் பாவாடை, தலை நிறைய பூ ஜடை. பின்னாடி ஒரு ஆளுயரக் கண்ணாடி. நேரா கேமராவைப் பார்த்து நிக்கிறாங்க, கண்ணாடியில முதுகுப் பக்கம் ஜடை முழுசா தெரியுது.

இந்தப் படம் உங்க வீட்லயும் இருக்கும். சட்டம் போட்டோ, பீரோவுல பழைய ஆல்பத்துலயோ. பூ தைக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகுமே, அது வாடறதுக்குள்ள ஸ்டூடியோவுக்கு ஓடணுமே. ஒரே ஷாட்ல முன்னாடியும் பின்னாடியும் காட்டணும்னு கண்ணாடி வெச்ச அந்த மூளைக்கு எந்த இன்ஜினியரும் ஈடில்ல.

குப்புற விழுந்த குழந்தையை அம்மணமா ஒரு துணி மேல படுக்க வெச்ச படம். கன்னத்துல திருஷ்டிப் பொட்டோட உட்கார வெச்ச படம். கிருஷ்ணர் வேஷம். மொட்டை அடிக்கிறதுக்கு முன்னாடி பையனுக்குப் பாவாடை கட்டி ஒரு படம். யோசிச்சா சிரிப்பு வருது. திருநீர்மலைக்கு என்ன விசேஷம்? பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த கோலம் நாலுலயும் ஒரே ஊர்ல இருக்கிறார். நம்ம ஸ்டூடியோக்காரங்களும் குழந்தையை அதே நாலு கோலத்துலதான் வரிசையா எடுத்தாங்க. குப்புற விழுந்ததும் ஒன்னு, உட்கார்ந்ததும் ஒன்னு, நின்னதும் ஒன்னு, நடந்ததும் ஒன்னு.

இந்த ஸ்டூடியோ படங்களோட நெகட்டிவ் பல இடங்கள்ல குப்பைக்கும் பழைய கண்ணாடிக் கடைக்கும் போயிடுச்சு. மிச்சத்தைக் காப்பாத்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, தமிழ்நாட்டுல 1880-ல இருந்து 1980 வரைக்குமான ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க.

அம்மாகிட்ட அந்தப் படத்தைப் பத்திக் கேட்டேன். "தலை கனம் தாங்கல, பின்னல்ல ஊசி குத்துச்சு, அழுகையா வந்துச்சு"ன்னாங்க. அப்ப கட்டாயப்படுத்தித்தான் எடுத்தாங்களான்னு கேட்டேன். "சீ, நான்தான் கண்ணாடி வெச்சாத்தான் நிப்பேன்னு அடம் புடிச்சேன். ஜடை தெரியாட்டி அப்புறம் எதுக்குப் படம்?"

அங்கதான் எனக்கு உறைச்சது. நான் இந்தப் படங்களை விறைப்பா இருக்கு, செயற்கையா இருக்குன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா அந்த விறைப்புக்குள்ள ஒரு ஒன்பது வயசுப் பொண்ணோட முடிவு இருக்கு. என்னை எப்படிப் பார்க்கணும்னு நான் சொல்றேன்னு சொல்ற இடம் அது. போஸ் குடுக்கிறதுன்னா அதுதான்.

வேகம் வந்துச்சு, கேள்வி போச்சு

கேமரா வேகமானதும் நிலைமை மாறுச்சு. 1880-கள்ல உலர் தகடு வந்து விநாடியோட சின்னத் துண்டுல படம் பதிய ஆரம்பிச்சுது. 1888-ல கோடாக் கையடக்கக் கேமரா. 1900-ல ஒரே ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா, அதை விளம்பரம் பண்ணதே குழந்தைகளுக்காகத்தான். 1925-ல லைகா வந்தப்புறம் தெருவுல நடந்துக்கிட்டே எடுக்கலாம். அசையாதேன்னு சொல்ல வேண்டிய அவசியம் போயிடுச்சு. ஓடுற குழந்தை, அழுற குழந்தை, மண்ணைத் தின்னுற குழந்தை எல்லாம் அப்பதான் படத்துக்குள்ள வந்தாங்க. அது பெரிய விடுதலை, சந்தேகமே இல்ல.

ஆனா "அசையாதே"ன்னு சொல்லும்போது கூடவே ஒரு தகவல் போய்ச் சேர்ந்துச்சு: உன்னைப் படம் எடுக்கப் போறேன். வேகம் வந்தப்புறம் அந்தத் தகவலைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் போயிடுச்சு.

நம்ம ஊர்ல காசு ஒரு தடையா இருந்துச்சு. அக்ஃபா கிளிக் 3-ல ஒரு ரோலுக்கு 12 படம். என் சின்ன வயசுல 36 படம். ஒரு ரோலைப் பொங்கல்ல ஆரம்பிச்சு ஆடியில முடிப்பாங்க எங்க அப்பா. இப்போ என் அக்கா பொண்ணுக்கு மூணு வயசு. அக்கா போன்ல அவ படம் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல இருக்கு. பாட்டிக்கு பூஜ்யம், அம்மாவுக்கு ஒன்னு, இவளுக்கு ஒன்பதாயிரம். இவ அதுல எத்தனைக்கு போஸ் குடுத்தா?

பிரிண்ட் யார் கைக்குப் போகுதுன்னு கேட்டோமே, இப்போ அந்தக் கேள்வி என் தொழிலுக்குள்ளயே வருது. லேயான்-5பின்னு ஒரு தரவுத் தொகுப்பு. இணையத்துல இருந்து வாரின 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களோட இணைப்புகள், ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்க. 2024-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அதுல துளியூண்டு பகுதியை மட்டும் சோதிச்சாங்க. அதுலயே பிரேசில் குழந்தைங்க படம் 170, ஆஸ்திரேலியக் குழந்தைங்க படம் 190. குடும்ப வலைப்பூவுலயும் யூடியூப்லயும் யாரோ அப்பா அம்மா ஆசையா போட்டது. சிலதுல பேர் கூட இருந்துச்சு. அந்தத் தொகுப்பை நடத்தறவங்க நீக்குறோம்னு சொன்னாங்க. ஆனா ஏற்கனவே படிச்சு முடிச்ச மாடல் மறக்காது. அது எனக்குத் தொழில்ரீதியாவே தெரியும்.

சட்டம் என்ன சொல்லுது? 2023-ல வந்த நம்ம டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க அனுமதி வேணும். வீட்டு உபயோகத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ரெண்டு இடத்துலயும் குழந்தைகிட்ட யாரும் கேட்கல. 1992-ல இந்தியா ஏத்துக்கிட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை மட்டும்தான், தன்னைப் பாதிக்கிற விஷயத்துல குழந்தையோட கருத்தையும் கேளுங்கன்னு சொல்லுது.

நான் சட்டப்படி சரியாத்தான் நடந்துக்கிட்டேன். அம்மாகிட்ட கேட்டேன். அவன்கிட்ட கேட்கல.

இன்னொரு படம்

கவர் படத்தை எடுத்துட்டேன். நீங்க இப்போ பழைய எபிசோடைப் பார்த்தா வெறும் மலைப்படிதான் இருக்கும். வாட்ஸாப்ல போனதைத் திரும்ப எடுக்க முடியாது, அதை அவன்கிட்ட பொய் சொல்லாம சொல்லிட்டேன். "சரி"ன்னான். அந்த "சரி" எனக்கு லேசா இல்ல.

போன வாரம் அவனே வந்தான். "அண்ணா, வேற ஒன்னு எடுங்க." தலையைத் தண்ணி தொட்டு வாரியிருந்தான். பேன்ட் போட்டு பெல்ட் கட்டியிருந்தான். அதே படிக்கட்டுல, கீழ்ப்படியில நின்னான். கை ரெண்டும் உடம்போட ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வாயை இறுக்கி மூடி. பல் தெரியக் கூடாதுல்ல. "சிரிடா"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஒரே ஷாட். ஸ்கிரீனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது ஓகே"ன்னான்.

பல்லாவரத்துல பிரிண்ட் போட்டு அவன் கையிலயே குடுத்தேன். இப்போ அவங்க வீட்ல டிவிக்குப் பக்கத்துல இருக்கு. போட்டோவா பார்த்தா சுமார்தான், பாஸ்போர்ட் சைஸ் படத்தை நீட்டின மாதிரி இருக்கு. முதல் படம்தான் நல்ல படம். அவங்க அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும், இப்பவும் சொல்றாங்க. நானும் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

இந்த எபிசோடுக்கு கவர் படம் போடல. ரெண்டாவது படத்தைப் போடலாமான்னு அவன்கிட்ட கேட்டேன். "வேணாம் அண்ணா, அது வீட்டுக்கு"ன்னுட்டான்.